கரண்ட் வைத்த பிறகும் கழுத்துக் கட்டி நிற்கிறதே, ஏன்?

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு மகள், தன் அப்பாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு 59 வயது. வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். இளவயதிலிருந்தே பீடி, வெற்றிலையோடு புகையிலை. போன வருடம் விழுங்கும்போது வலி, காதுக்குள் குத்தல், வலது கழுத்தில் மூன்று சென்டிமீட்டர் நெறிக்கட்டி. தொண்டையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அக்டோபர் நடுவில் கதிர்வீச்சு, அதாவது ஊரில் "கரண்ட்" என்று சொல்வதை, ஆரம்பித்தார்கள். 35 சிட்டிங், மொத்தம் 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ. வாய்ப்புண்ணால் ஐந்து நாள், எந்திரப் பழுதால் ஒரு நாள், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போயே தீருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் மூன்று நாள் என ஒன்பது சிட்டிங் தள்ளிப்போனது. ஏழு வாரத்தில் முடிய வேண்டியது ஒன்பது வாரம் ஆனது. எடை 61 கிலோவிலிருந்து 50க்கு இறங்கியது. ஹீமோகுளோபின் 9.2. சிகிச்சை நாட்களில் ஒளித்து வைத்துப் பீடி குடித்ததும் பிறகுதான் தெரிந்தது.

மார்ச்சில் எடுத்த பெட் ஸ்கேனில் தொண்டையில் நோய் இல்லை. கழுத்துக் கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் போகவில்லை. ஊசி குத்திப் பார்த்ததில் புற்றுநோய் செல்கள் இருக்கின்றன. "இது கதிர்வீச்சுக்குக் கட்டுப்படாத கட்டி, ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் கேட்பது இவை: எந்திரம் பழசு என்பதால் இப்படி ஆனதா? மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் கதிர்வீச்சில் பிறந்து வளர்ந்ததால் அப்பாவின் உடம்புக்கு அது பழகிவிட்டதா? அதே "தொண்டைப் புற்றுநோய்" வந்த பக்கத்து வீட்டு மாமா கரண்ட் மட்டும் வைத்துச் சுகமாகிவிட்டாரே, எப்படி? சென்னையில் புரோட்டான் என்ற வேறு வகைக் கதிர் வைத்தால் கரையுமா? கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள், ஒரு வர்ம ஆசான் எண்ணெய் தடவிக் கரைத்துத் தருவதாகச் சொல்கிறார், என்ன செய்வது? அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. கடைசி வரியில் ஒன்று: "திருவிழாவுக்கு அவரைப் போகவிட்டது என் தப்புதானே டாக்டர்?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதைப் பேச முடியாது. ஆனால் அதற்கும் முன்னால் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுக்குக் கட்டுப்படாத கட்டி என்றால் மருந்தே இல்லாத கட்டி என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு பகுதி செல்கள், ஒரு வகைச் சிகிச்சைக்குத் தப்பித்திருக்கின்றன, அவ்வளவுதான். கதிர்வீச்சை எதிர்த்து நின்ற செல்லுக்கு அறுவைசிகிச்சையை எதிர்க்கும் பலம் கிடையாது. வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் எடுத்துவிடலாம். தொண்டையில் நோய் இல்லாமல் கழுத்தில் மட்டும் மிச்சம் இருப்பது, இந்த மாதிரி நிலைமைகளில் நம்பிக்கை தருகிற ஒன்று. அந்த வாய்ப்பு நாளாக நாளாகக் குறையும். அதனால் யார் தப்பு என்று தேடுவதில் வாரங்களைச் செலவழிக்காதீர்கள்.

கட்டி ஏன் தப்பிக்கிறது?

கதிர்வீச்சு புற்றுநோய் செல்லைச் சுட்டு எரிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது. உடைந்த இழையோடு செல் பிரிய முயலும்போது செத்துப்போகிறது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை செல்கள் இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒன்று மட்டும் தப்பித்தாலும் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். அப்பாவுக்குக் கழுத்தில் இருந்தது மூன்று சென்டிமீட்டர். ஆகவே கதிர்வீச்சு வேலையே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். தொண்டையில் முழுக்க வேலை செய்திருக்கிறது, கழுத்திலும் பெரும்பகுதியை அழித்திருக்கிறது.

மிஞ்சியவை ஏன் மிஞ்சின என்பதற்கு முதல் காரணம் ஆக்சிஜன். கதிர் உடைத்த இழையை மறுபடி ஒட்டவிடாமல் நிரந்தரமாக்குவது செல்லில் இருக்கும் ஆக்சிஜன்தான். வேகமாக வளரும் கட்டியில் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை. 1955இலேயே தாம்லின்சன், கிரே என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள்: ரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.15 மில்லிமீட்டர் தாண்டினால் ஆக்சிஜன் எட்டாது. அந்த எல்லையில் மூச்சுத் திணறிக்கொண்டு உயிரோடிருக்கும் செல்களைக் கொல்ல, ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவையான கதிர்வீச்சைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வேண்டும். பெரிய நெறிக்கட்டிகளின் நடுப்பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

பீடியை இங்கேதான் சொல்ல வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கனடாவிலிருந்து 1993இல் வந்த ஓர் ஆய்வில், சிகிச்சை நாட்களில் புகையை விட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தது. விடாதவர்களில் 45 விழுக்காட்டினருக்குத்தான். இதை அப்பாவைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இனி வரப்போகும் ஆபரேஷனில் காயம் ஆறுவதற்கும் பீடியை இன்றோடு நிறுத்துவது அவசியம்.

ரத்தசோகையும் கெட்ட அறிகுறிதான். ஆனால் "நாங்கள் ரத்தம் ஏற்றியிருந்தால் கரைந்திருக்குமோ" என்று நீங்கள் கேட்டதற்கு, அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ரத்தத்தைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசியைப் போட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் ஹீமோகுளோபின் ஏறியது, நோய் கட்டுப்படுவது குறைந்தது. அந்த வருத்தத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் நாட்கள். சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனதும், தப்பித்த செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். வாழையை வெட்டியதும் பக்கக்கன்று விறுவிறுவென்று கிளம்புமே, அது மாதிரி. அதனால்தான் தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சையை இடைவெளி இல்லாமல் முடிக்கச் சொல்லி அவ்வளவு வற்புறுத்துகிறோம். ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 முதல் 1.5 விழுக்காடு குறையும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. விடுபட்ட நாளை ஈடுகட்ட, வாரத்தில் ஆறு சிட்டிங் கொடுப்பதும், ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு கொடுப்பதும் உண்டு. அப்பாவுக்கு வாய்ப்புண் இருந்த நிலையில் அது முடியாமல் போயிருக்கலாம்.

மூன்றாவது, செல்லின் பிறவிக் குணம். டி.என்.ஏ. சேதமான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைக்கும் காவல் மரபணு ஒன்று உண்டு, பெயர் டி.பி.53. பல வருடப் புகையிலையில் வந்த புற்றுநோய்களில் இந்தக் காவல் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். அப்போது செல் சேதத்தோடேயே பிழைத்துக்கொள்ளும், உடைந்ததைத் திருத்தியும் கொள்ளும். இந்தக் குணம் சிகிச்சை தொடங்கும் முன்பே கட்டியில் இருந்தது. இதை உங்களாலும் எங்களாலும் மாற்றியிருக்க முடியாது.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஒன்பது நாள் இடைவெளியால் பாதிப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதில் திருவிழா மூன்று நாள். மீதி ஆறு நாள் புண்ணும் எந்திரமும். கட்டியின் அளவு, ஆக்சிஜன் பற்றாக்குறை, புகையிலை கெடுத்த மரபணு எல்லாம் சேர்ந்து நின்ற இடத்தில், அந்த மூன்று நாள்தான் முடிவை மாற்றியது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒரு நாள்கூட விடாமல் முடித்தவர்களிலும் சிலருக்குக் கட்டி நிற்கிறது. எழுந்து உட்காரவே முடியாத ஒரு மனிதர் தன் சவேரியாரைப் பார்க்க ஆசைப்பட்டார், நீங்கள் தடுக்கவில்லை. அதைக் குற்றமாகச் சுமக்காதீர்கள்.

மணல், எந்திரம், பக்கத்து வீட்டு மாமா

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், அதிலுள்ள தோரியத்தால் அந்தப் பக்கம் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். உலகத்தில் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பது வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். நம் மணல் பகுதிகளில் அதைப் போல் சில மடங்கு வரும் என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவின் கழுத்துக்கு ஒரே ஒரு சிட்டிங்கில் கொடுத்தது 2 கிரே, அதாவது 2,000 மில்லிகிரே (இந்த ஒப்பீட்டுக்கு மில்லிகிரேயையும் மில்லிசீவர்ட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம்). அதுவும் சில நிமிடங்களில். அந்தச் சொற்ப அளவில் உடம்பு "பழகி" இதை எதிர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம்மைப் போலவே மோனசைட் மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாக அது காட்டவில்லை. ஆகவே நோய் வந்ததற்கும் மணலைக் குறை சொல்ல வேண்டாம். பீடியும் புகையிலையும் போதுமான காரணம்.

எந்திரத்தைப் பொறுத்தவரை, புதிய எந்திரத்தின் பெரிய லாபம் உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம் போன்ற நல்ல உறுப்புகளைத் தப்பவைப்பது. சரியாகத் திட்டமிட்டுக் கொடுத்த 70 கிரே, எந்த எந்திரத்திலும் 70 கிரேதான். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. 11 கிலோ எடை குறைந்தபோது தலை அசையாமல் இருக்க முகத்துக்குப் போடும் மாஸ்க் தளர்ந்திருக்கும். அப்போது புது மாஸ்க் செய்து மறுபடி திட்டமிட்டார்களா? சண்டைக்காக இல்லை, இனி சிகிச்சை முடிவெடுக்கப்போகும் மருத்துவருக்கு இந்தப் பதில் உதவும் என்பதற்காகக் கேட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டு மாமாவுக்குக் குரல் கம்மித்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது குரல்நாண் புற்றுநோயாக இருக்கலாம். குரல் மாறிவிடுவதால் சீக்கிரம் தெரிந்துவிடும், நெறிக்கட்டிக்கு அவ்வளவு எளிதில் பரவாது. ஆரம்ப நிலையில் கதிர்வீச்சு மட்டுமே பத்தில் ஒன்பது பேரைக் குணமாக்கும். உங்கள் அப்பாவுக்கு வந்த கீழ்த்தொண்டைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளர்ந்து, பெரும்பாலும் கழுத்துக்கு வந்த பிறகுதான் வெளியே தெரியும். ஊரில் இரண்டையும் தொண்டைப் புற்றுநோய் என்றுதான் சொல்வார்கள், ஆனால் இரண்டும் வேறு நோய்கள். இணையத்தில் நீங்கள் படித்த எச்.பி.வி. வைரஸ் சார்ந்த புற்றுநோய் மூன்றாவது ரகம். அது பெரும்பாலும் டான்சில், நாக்கின் அடிப்பகுதியில் வரும், கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். அப்பாவுடைய கட்டியில் அந்தச் சோதனையைச் செய்தாலும் இப்போதைய முடிவு மாறாது.

இனி என்ன வழி?

ஸ்கேனை மூன்று மாதம் பொறுத்து எடுத்தது சரியான செயல். அதற்கு முன் எடுத்தால் கதிர்வீச்சுப் புண்ணே நோய் போலத் தெரிந்து குழப்பும். இப்போது ஊசிப் பரிசோதனையும் உறுதி சொல்லிவிட்டது, இனி காத்திருப்பதில் பயன் இல்லை.

முதல் வழி, கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும் அறுவைசிகிச்சை. என் கருத்தில் உங்கள் அப்பாவுக்கு இதுதான் முதல் தேர்வு, ஒரு நிபந்தனையோடு: மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயைக் கட்டி சுற்றி வளைத்திருக்கக் கூடாது. ரத்தக் குழாய் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேனைப் பார்த்து அறுவை நிபுணர்தான் அதைச் சொல்ல முடியும், படங்களைப் பார்க்காத நான் சொல்லக் கூடாது. ஆபத்துகள் உண்டு. கதிர்வீச்சு பட்ட தசை இறுகியிருக்கும், காயம் ஆற நாளாகும், சில சமயம் மார்புத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூட வேண்டியிருக்கும். தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். வலை இழுத்த மனிதருக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றும். பிசியோதெரபியை முதல் மாதமே தொடங்கினால் எவ்வளவோ தேறும். கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் பயம். பரவிய பிறகு ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து வந்த பேச்சு அது.

மறுபடி கதிர்வீச்சு என்பது முதல் வழியாகாது. 70 கிரே வாங்கிய அதே இடத்தில், சில மாதங்களுக்குள் மறுபடி முழு அளவு கொடுத்தால் ரத்தக் குழாய் வெடிக்கும் ஆபத்தும் திசு அழுகும் ஆபத்தும் பெரிது. புரோட்டானும் இந்த விஷயத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல. சுற்றியுள்ள நல்ல திசுவைக் காப்பாற்றுவதில்தான் அது சிறந்தது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்வதில் சாதாரணக் கதிரைவிடப் பெரிதாக வித்தியாசம் இல்லை. வீட்டை அடகு வைத்துச் சென்னைக்குப் போகும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள்.

ஆபரேஷன் முடியாது என்று அறுவை நிபுணர் சொன்னால், அப்புறம் மருந்துச் சிகிச்சை. நோய் எதிர்ப்பைத் தூண்டும் நிவோலுமாப் போன்ற மருந்துகள் விலை அதிகம் என்று பயப்படுவீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், வாய்வழி மருந்துகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். அறுவையால் குணப்படுத்த முடியாத நிலையில் இருந்தவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43 ஆனார்கள். இது நோயை முழுதாகப் போக்கும் வழி இல்லை, ஆனால் எட்டக்கூடிய வழி.

வர்ம ஆசானிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் நோய் உள்ள, கதிர்வீச்சில் மெலிந்த தோல் உள்ள கழுத்தை யாரும் தேய்க்கக் கூடாது.

எங்கே போவது, எதைக் கேட்டு வாங்குவது

உங்களுக்குப் பக்கத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நெய்யூர் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கதிர்வீச்சு பட்ட கழுத்தில் ஆபரேஷன் செய்து பழகிய தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை நிபுணர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அதுதான் கட்டடத்தைவிட முக்கியம். அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்று மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு சொல்லும் கூட்டத்தில் அப்பாவின் கேஸை வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, இப்போதைய டாக்டருக்குச் செய்யும் துரோகம் அல்ல. கேட்டு 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள். மொத்த அளவும் தேதிகளும் உள்ள கதிர்வீச்சுச் சுருக்கம், திட்டப் படங்கள் உள்ள சிடி, பெட் ஸ்கேன் சிடி, முதல் பயாப்சி ஸ்லைடும் மெழுகில் பதித்த திசு பிளாக்கும், ஊசிப் பரிசோதனை முடிவு, இத்தனையும் வேண்டும். டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு. கதிர்வீச்சுக்கு எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று காப்பீட்டு மேசையில் பாருங்கள். எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போவதானால் நம் அட்டை அங்கே செல்லுமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொல்வது

சொல்ல வேண்டும். ஆபரேஷன் சம்மதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான், நீங்களோ தம்பியோ அல்ல. அதற்கும் மேலாக, அறுபது வயதை நெருங்கும் ஒருவர், தன் கழுத்தைத் தானே தினமும் தடவிப் பார்ப்பவர், உங்கள் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டிருப்பார். "தொண்டையில் சுகமாயிட்டுப்பா, கழுத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதை வெட்டி எடுத்துடலாம்னு சொல்றாங்க" என்று தொடங்குங்கள். அது முழு உண்மையும்கூட. அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்க வேண்டாம். டாக்டரிடம் கூட்டிப்போய் அவரையே கேள்வி கேட்க விடுங்கள். பீடியை நிறுத்தச் சொல்வதற்கும் இந்தப் பேச்சுதான் சரியான நேரம்.

ஆபரேஷனுக்கு முன் எடை கூட வேண்டும். மீன் குழம்பு காரம் தாங்காது என்றால் மீனை வேகவைத்து மசித்துக் கஞ்சியில் சேருங்கள், முட்டை, பயறு, தேங்காய்ப்பால் கொடுங்கள். விழுங்கவே முடியவில்லை என்றால் மூக்குக் குழாயை மறுபடி போட வெட்கப்பட வேண்டாம். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது சகஜம், அதுவும் சோர்வையும் காயம் ஆறாமையையும் தரும்.

பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள், கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது, ஊரிலேயே பிடுங்கிவிடலாமா என்று. கூடாது. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது, இது பல வருடங்களுக்குத் தொடரும். அந்தப் பல்லைப் பற்றி முதலில் கதிர்வீச்சு மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் 70 கிரே வாங்கிய தாடை என்ற தாளைக் கையில் கொண்டுபோங்கள்.